வேர் நுனியில் ஒரு கரும்புள்ளி



இந்த ஆண்டு பல் மருத்துவக் கல்லூரிகளின் எக்ஸ்ரே அறைக்கு முதன்முறையாக போஸ்டிங் வரப்போகிற உங்கள் எல்லாருக்கும் சேர்த்து இந்த மடலை எழுதுகிறேன். வெள்ளைக் கோட்டு வாங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருக்கும். ஐ.ஓ.பி.ஏ., ஓ.பி.ஜி., ஆர்.வி.ஜி. என்ற சொற்கள் இப்போதுதான் நாக்கில் பழகத் தொடங்கியிருக்கும். எக்ஸ்ரே என்றாலே நோயைக் கண்டுபிடிப்பது என்ற ஆர்வத்தோடு வருவீர்கள். அந்த ஆர்வத்தைக் கொஞ்ச காலம் ஒதுக்கி வையுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். முதலில், நோயே இல்லாத தாடை படத்தில் எப்படி இருக்கும் என்று பார்த்துப் பழகுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஒருநாள் காலை ஓ.பி.யில் ஓர் அம்மா வந்தார். இட்லிக்கடை வைத்திருப்பவர். நாலு மணிக்கு அடுப்பு மூட்டிவிட்டு, பள்ளிக்கூட நேரத்து வியாபாரத்தை மகள் கையில் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார். இடப்பக்கம் முழுக்க விண்விண் என்று தெறிக்கிறது, எந்தப் பல் என்று காட்டத் தெரியவில்லை என்றார். கன்னத்தின் கீழ்ப்பக்கத்தில்தான் கையை வைத்துக் காட்டினார். கீழ்த்தாடையை ஒரு படம் எடுத்தேன். இரண்டாவது முன்கடைவாய்ப்பல்லின் வேர் நுனியில், ஓர் உளுந்து அளவுக்கு, வட்டமாக ஒரு கரும்புள்ளி. குற்றவாளியைப் பிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு. வேர் நுனியில் சீழ் என்று சீட்டில் எழுதினேன். படத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டிய ஆசிரியர் வகுப்பில் இருந்தார். அவர் வரும்வரை நான் காத்திருக்கவில்லை. மரத்துப்போக ஊசி போட்டுப் பல்லைத் திறந்தேன்.

பற்கூழ் இருக்கும் அறைக்குள் டிரில் இறங்கியதும் பளிச்சென்று சிவப்பாக ரத்தம் வந்தது. வேர் நுனியில் அப்படி ஒரு புண் வைக்கிற அளவுக்குச் செத்துப்போன பற்கூழில் அந்த ரத்தம் வராது. பஞ்சை வைத்து ஒற்றியபடியே எனக்குப் புரிந்துவிட்டது.

ஆசிரியர் வந்து ஈரம் காயாத படத்தை விளக்குக்கு நேரே பிடித்தார். திட்டவில்லை. ஒரே கேள்விதான் கேட்டார்: “லேமினா டியூரா எந்த இடத்தில் அறுந்திருக்கிறது? காட்டும்மா.” வேரைச் சுற்றி ஓடும் அந்த வெள்ளைக் கோட்டைக் கரும்புள்ளிக்கு உள்ளேயும் விரலால் தொடர்ந்து போனேன். எங்கும் அறவில்லை. குழாயைச் சற்று முன்பக்கம் நகர்த்தி இன்னொரு படம் எடுக்கச் சொன்னார். அந்தப் படத்தில் புள்ளி வேர் நுனியை விட்டு விலகிப் பின்னால் போயிருந்தது. மென்டல் ஃபொராமென். கீழ்த்தாடைக்குள் ஓடி வரும் நரம்பில் ஒரு கிளை உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி கொடுக்க வெளியே வரும் துவாரம். எல்லாருடைய தாடையிலும் இருப்பது. வலி கொடுத்த பல் மேல்தாடையில், கடைசியில், பார்வைக்கு எளிதில் சிக்காத ஒரு சொத்தையோடு உட்கார்ந்திருந்தது.

“அப்ப இந்தக் கீழ்ப்பல்லு நல்லாத்தான் இருந்துச்சா டாக்டரம்மா?” என்று கேட்டார் அந்த அம்மா. ஆமாம் என்றேன். திறந்த பல்லை அப்படியே விட முடியாது. நல்ல பல்லுக்கு ரூட் கெனால் முடிக்க மேலும் மூன்று முறை வந்தார், மூன்று காலை வியாபாரத்தை விட்டுவிட்டு. கடைசி நாள் அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லாமல் போனதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

எனக்கு மென்டல் ஃபொராமென் தெரியாமல் இல்லை. ஆறு மாதத்துக்கு முன் வைவாவில் அதை அடையாளம் காட்டி மதிப்பெண் வாங்கியவள்தான் நான். வைவாவில் படத்தை நீட்டும்போதே, இது லேண்ட்மார்க் கேள்வி என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. பட்டியலிலிருந்து ஒரு பெயரை எடுத்துச் சொன்னால் முடிந்தது. ஓ.பி.யில் அந்தத் துவாரம் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டு வருவதில்லை. எதிரே ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவருடைய வலி நம் கண்ணைத் தள்ளுகிறது, ஒரு காரணத்தைக் கண்டுபிடி என்கிறது. அப்போது பக்கத்தில் கறுப்பாக எது இருந்தாலும் அதுவே காரணமாகிவிடும். மனப்பாடம் அந்த நொடியில் உதவுவதில்லை. நூறு இயல்பான படங்களை நிதானமாகப் பார்த்துப் பழகிய கண்தான் உதவும்.

எக்ஸ்ரே படம் ஒரு நிழல் என்பதை மறந்துவிடாதீர்கள். கதிர் தடையில்லாமல் கடந்த இடம் கறுப்பு, எலும்போ எனாமலோ மறித்த இடம் வெள்ளை, அவ்வளவுதான் அது சொல்லும். முன்னால் இருப்பது, பின்னால் இருப்பது எல்லாம் ஒரே தளத்தில் அப்பிக் கிடக்கும். ரோன்ட்கன் 1895 நவம்பரில் எக்ஸ் கதிரைக் கண்டார். 1896 ஜனவரியிலேயே ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரத்துப் பல் மருத்துவர் ஓட்டோ வால்கோஃப் தன் வாய்க்குள்ளேயே கண்ணாடித் தகட்டை வைத்து 25 நிமிடம் அசையாமல் இருந்து பல்லின் முதல் படத்தை எடுத்தார். இன்று ஆர்.வி.ஜி.யில் ஒரு நொடிகூட ஆவதில்லை. ஆனால் நிழல்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுவது அன்று போலவேதான்.

பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. 1910-இல் கிளார்க் என்பவர் எழுதி வைத்த முறை. மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்குப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து போயிருந்தால் உங்களுக்கு இது ஏற்கெனவே தெரியும். சாலையோரத்துப் புளியமரம் நாம் போகும் திசைக்கு எதிராக ஓடும். தூரத்துச் சிறுமலை நம்மோடு கூடவே வரும். எக்ஸ்ரே குழாய்தான் பேருந்து. குழாயை முன்பக்கம் நகர்த்தி இரண்டாவது படம் எடுத்தால், கன்னப்பக்கம் இருக்கும் பொருள், அதாவது குழாய்க்குக் கிட்டத்தில் இருப்பது, எதிர்த்திசையில் பின்னால் நகரும். நாக்குப் பக்கம் இருப்பது குழாயோடு சேர்ந்து முன்னால் நகரும். வேர் நுனியைப் பிடித்திருக்கும் உண்மையான புண் எந்தக் கோணத்திலும் அதைவிட்டுப் பிரியாது. மென்டல் ஃபொராமென் கன்னப்பக்கத்தில் திறப்பதால் பிரிந்து போகும். இரண்டாவது படத்துக்கு மேடம் திட்டுவார்களோ என்று தயங்காதீர்கள். நல்ல பல்லைத் திறப்பதற்கு முன் எடுக்கும் இரண்டாவது படத்துக்கு எந்த ஆசிரியரும் கோபப்பட மாட்டார். அதோடு பல்லில் குளிர் வைத்துப் பாருங்கள். உயிருள்ள பல் ‘கூசுது’ என்று தானே சொல்லிவிடும்.

மேல்தாடையில் மயங்க இடம் இன்னும் அதிகம். நடு முன்பற்கள் இரண்டுக்கும் இடையே செங்குத்தாக ஒரு கருங்கோடு ஓடும். மேல்தாடையின் இரு பாதிகளும் சேரும் தையல் அது. பைக்கிலிருந்து விழுந்து உதடு கிழிந்து வரும் பையனின் படத்தில் அதைப் பார்த்து எலும்பு முறிவு என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். நட்டநடுவில், நேராக, இருபுறமும் மெல்லிய வெள்ளைக் கரை கட்டிக்கொண்டு முறிவு ஓடுவதில்லை. அதே இடத்தில் நீள்வட்டக் கறுப்பாக இன்சைசிவ் ஃபொராமென் இருக்கும். குழாயின் கோணத்தைப் பொறுத்து அது ஒரு முன்பல்லின் வேர் நுனியிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். 6 மில்லிமீட்டரைத் தாண்டினால்தான் நீர்க்கட்டியோ என்று யோசிக்க வேண்டும். பக்கவாட்டு வெட்டுப்பல்லின் வேரைச் சுற்றி மங்கலாகக் கறுத்திருந்தால் உதட்டைத் தூக்கி அந்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். எலும்பில் இயல்பாகவே உள்ள பள்ளம் தட்டுப்படும். படத்தில் தீராத சந்தேகம் பல சமயம் விரல் நுனியில் தீர்ந்துவிடும்.

சைனஸைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். முன்கடைவாய்ப்பல் தொடங்கி பின்னால் வரை, வேர்களுக்கு மேலே பெரிய கறுப்பு வெளி. அதன் அடியில் மெல்லிய வெள்ளைக் கோடு. நீர்க்கட்டிக்கும் கறுப்பு வயிறும் வெள்ளைக் கரையும் இருக்கும் என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அதனால்தான் இங்கே தடுமாற்றம். சைனஸின் சுவரில் ரத்தக் குழாய்கள் ஓடும் தடம் கருங்கோடுகளாகத் தெரியும், கட்டிக்கு அது இருக்காது. மறுபக்கத்தையும் படம் எடுத்து ஒப்பிட்டால் பெரும்பாலும் அதேபோல ஒன்று அங்கேயும் இருக்கும். கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிப் பல வருடம் ஆனவர்களுக்கு, பல் இருந்த இடத்துக்கே சைனஸ் இறங்கி வந்திருக்கும். அதுவும் இயல்புதான், அவருக்கு இப்போதைய இயல்பு. கோரைப்பல்லுக்கு மேலே சைனஸின் முன்சுவரும் மூக்கின் தரையும் சேருமிடத்தில் தலைகீழான ஒய் எழுத்துப் போல வெள்ளைக் கோடுகள் கிளைக்கும். அதைக் கண்டுவிட்டால் மேல்தாடையின் எந்தப் பகுதியில் நிற்கிறோம் என்று தெரிந்துவிடும்.

அதற்கும் பின்னால் கன்ன எலும்பு குதிரை லாடம் போல வெள்ளையாக வளைந்து கடைவாய்ப்பல்லின் வேர்கள்மேல் விழும். இங்கே ஆபத்து வேறு மாதிரி. இல்லாத நோயைக் காட்டுவதற்குப் பதில் இருக்கிற நோயை அது மறைத்துவிடும். வேர் நுனி தெரியவில்லையென்றால் ‘நோய் இல்லை’ என்று எழுதாதீர்கள், ‘தெரியவில்லை’ என்று எழுதுங்கள். பிறகு குழாயின் சாய்வைக் குறைத்து மீண்டும் எடுங்கள்.

கடைசிப் பல்லைப் படம் எடுக்க, நன்றாக வாயைத் திறங்க என்று நாம்தான் சொல்கிறோம். அப்படித் திறக்கும்போது கீழ்த்தாடையின் கொரோனாய்டு முனை முன்னால் இறங்கி வந்து மேல்தாடைப் படத்தின் ஓரத்தில் கூம்பாக வெள்ளையாக விழும். பல் பிடுங்கிக்கொண்டு வந்த ஒருவரிடம், வேர் உள்ளேயே ஒடிந்து நிற்கிறது என்று இதைக் காட்டிச் சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். வேர் என்றால் நடுவே கால்வாய் தெரிய வேண்டும், சுற்றிலும் சவ்வின் கருங்கோடு தெரிய வேண்டும். வாயைக் கொஞ்சம் மூடச் சொல்லி எடுத்த அடுத்த படத்தில் அந்த ‘வேர்’ காணாமல் போயிற்று.

கீழ் முன்பற்களுக்கு அடியில் வெள்ளை வளையமும் நடுவே ஒரு கறுப்புப் பொட்டும் தெரிந்தால் அது நாக்குத் தசைகள் பற்றியிருக்கும் மேடு. அங்கே அதிகம் குழம்ப எதுவுமில்லை. பின்பக்கம், கடைவாய்ப்பற்களுக்குக் கீழே எலும்பு மெலிந்து மங்கலாகக் கறுத்திருப்பது உமிழ்நீர்ச் சுரப்பி பதிந்திருக்கும் குழி. சிலருக்கு அந்த இடத்தில் நரம்புக் கால்வாய்க்குக் கீழே குழி ஆழமாகி, செதுக்கி எடுத்தது போல வட்டமாகத் தெரியும். மேயோ கிளினிக்கின் ஸ்டாஃப்னே 1942-இல் அத்தகைய குழிகளை விவரித்து எழுதினார். அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. அது தெரிந்தவர் கையில் கத்தி எடுக்க மாட்டார்.

குழந்தைகள் விஷயத்தில் இரட்டிப்பு நிதானம் வேண்டும். ஆறு வயதில் முளைக்கும் முதல் கடைவாய்ப்பல்லின் வேர் நுனி மூட ஒன்பது, பத்து வயதாகும். அதுவரை நுனி புனல் போல விரிந்திருக்கும், அடியில் வளரும் திசு கறுப்பு வட்டமாகத் தெரியும். வேர் உருவாகிற இடத்தைப் புண் என்று படித்துவிடக் கூடாது. எட்டு வயதுப் பிள்ளையின் படத்தைக் கையில் எடுத்தால் முதலில் வயதைப் பாருங்கள், அடுத்து மறுபக்கத்து அதே பல்லைப் பாருங்கள்.

பல்லின் கழுத்தில், எனாமல் முடிந்து எலும்பு தொடங்கும் முன் உள்ள இடுக்கில், பட்டையாக ஒரு கறுப்பு விழும். அங்கே கதிரை மறிக்க அதிகம் இல்லை என்பதால் வரும் நிழல் அது. சொத்தை என்று நினைத்து அடைக்கக் கிளம்புமுன் புரோபை வைத்துத் தடவுங்கள். வழுவழுவென்று கடினமாக இருந்தால் அங்கே அடைக்க ஒன்றுமில்லை.

நம் ஊருக்கே உரிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓ.பி.ஜி. எடுக்கும்போது தோட்டைக் கழற்றாவிட்டால், அதன் உண்மை நிழல் ஒரு பக்கமும், பெரிதாக மங்கலாக இன்னொரு நிழல் எதிர்ப்பக்கம் சற்று உயரத்திலும் விழும். மூக்குத்தியோ மேல் முன்பற்களின் வேர்களுக்கு மேலே முளைக்காத பல் போல வெள்ளையாக நிற்கும். ஆனால் கல்யாணத்தன்று போட்ட மூக்குத்தியை முப்பது வருடமாகக் கழற்றாதவர்கள் வருவார்கள். திருகாணி இறுகிப்போயிருக்கும், மனசும் ஒப்பாது. அவர்களை வரிசையில் எல்லார் முன்னாலும் வற்புறுத்தாதீர்கள். தனியாக உட்காரவைத்து, ஏன் கேட்கிறோம் என்று சொல்லுங்கள். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் பல சமயம் வேலையை முடித்துவிடும். அப்படியும் முடியாதென்றால் ‘மூக்குத்தி உள்ளது’ என்று சீட்டில் எழுதுங்கள். படத்தைப் படிப்பவர் நீங்களாக இல்லாமல் போகலாம்.

இத்தனை நேரம் நல்லதை நோய் என்று எண்ணும் பிழையைப் பற்றிச் சொன்னேன். இயல்பைப் படிப்பதன் பெரிய பலன் மறுபக்கத்தில் இருக்கிறது. இருக்க வேண்டிய கோடு இல்லாமல் போனதை, அது இருக்க வேண்டும் என்று தெரிந்த கண் மட்டுமே காணும். வேரைச் சுற்றிய சவ்வின் கருங்கோடு சுமார் 0.2 மில்லிமீட்டர்தான். ஒரே ஒரு பல்லில் மட்டும் அது சீராக அகன்றிருந்தால் எலும்புப் புற்றின் தொடக்கமாக இருக்கக்கூடும். லேமினா டியூரா வாய் முழுவதும் கரைந்து மறைந்திருந்தால், பாராதைராய்டு சுரப்பியைச் சோதிக்க வேண்டியிருக்கும்.

ஒருமுறை ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் ஆடுகிற மேல் கடைவாய்ப்பல்லைப் பிடுங்க வந்திருந்தார். ஈறு நோயால் ஆடும் பல் நாளொன்றுக்குப் பத்து வரும், இதுவும் அப்படியே என்று நினைத்துப் படத்தைக் கீழே வைத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற மூன்றாம் ஆண்டு மாணவி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “மேடம், சைனஸ் கோடு இங்க இல்லையே.” மீண்டும் எடுத்துப் பார்த்தேன். முன்னாலும் பின்னாலும் அழகாக ஓடிய வெள்ளைக் கோடு அந்த ஒரு பல்லின் மேலே மட்டும் அரித்துப்போய் இருந்தது. பல்லைத் தொடாமல் சி.டி.க்கு அனுப்பினோம். பயாப்ஸியில் சைனஸ் புற்று என்று வந்தது. அந்த மாணவிக்குப் புற்றுநோயைப் பற்றி அப்போது அதிகம் தெரியாது. அதற்கு முந்தைய இரண்டு வாரம் இயல்பான படங்களை வரைந்து வரைந்து பார்த்திருந்தாள், அவ்வளவுதான்.

நோயாளியிடம் பேசுவதும் உங்கள் வேலையே. இப்போது எல்லாரும் திரையில் தெரியும் படத்தைக் கைப்பேசியில் பிடித்துக்கொண்டு போகிறார்கள். வீட்டில் பத்துப் பேர் பார்த்து ‘வேர்ல ஏதோ ஓட்டை இருக்கே’ என்று பயமுறுத்துகிறார்கள். அவர் கேட்கும் வரை காத்திராதீர்கள். “இது நரம்பு வெளியே வர்ற வழிங்க, எல்லாருக்கும் இருக்கும், எனக்கும் இருக்கு” என்று விரல் வைத்துக் காட்டிச் சொல்லுங்கள். தன் எலும்பைப் பற்றித் தெரிந்துகொண்டவரை நாளைக்கு யாரும் இல்லாத நோய்க்காக நாற்காலியில் உட்காரவைக்க முடியாது.

கடைசியாக ஒரு பயிற்சி. உடற்கூறியல் துறையிலிருந்து ஓர் உலர்ந்த கீழ்த்தாடையையும் மண்டையோட்டையும் கேட்டு வாங்குங்கள். ஃபிலிம் பாக்கெட்டுக்குள் இருக்கும் ஈயத்தாளைப் பொட்டுப் பொட்டாகக் கத்தரித்துக்கொள்ளுங்கள். ஒரு துளி மெழுகு வைத்து மென்டல் ஃபொராமென் மேல் ஒன்று, கொரோனாய்டு முனையில் ஒன்று, கன்ன எலும்பின் அடியில் ஒன்று என்று ஒட்டிப் படம் எடுங்கள். ஈயம் பளீரென்று வெள்ளையாகத் தெரியும். பிறகு அதை உரித்துவிட்டு அதே கோணத்தில் மறுபடி எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டாவது படத்தைப் பென்சிலால் வரையுங்கள். குழாயை நகர்த்தி மூன்றாவதும் எடுங்கள். விரல் அந்தத் துவாரத்தைத் தொட்டிருக்கும், கண் அதன் நிழலைப் பார்த்திருக்கும். அதற்குப் பிறகு அது உங்களை ஏமாற்றுவது கடினம்.

முதல் இரண்டு வாரம் இதை மட்டும் செய்யுங்கள். நோயுள்ள படங்கள் எங்கும் ஓடிவிடாது, ஒவ்வொரு நாள் காலையும் வரிசையில் வந்து நிற்கும். இட்லிக்கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து அந்த வரிசையில் நிற்பவருக்காக இதைக் கேட்கிறேன். உலர்ந்த தாடை வேண்டுமென்று நாளைக்கே எழுதிக் கொடுங்கள்.

அன்புடன்,
எக்ஸ்ரே அறையில் உங்களுக்காகக் காத்திருக்கும் ஆசிரியை ஒருத்தி